ஒரு டைல்ஸ் மட்டும் திரும்பி

அன்புள்ள சின்னவளுக்கு அம்மா எழுதுவது. இங்கே எல்லாரும் சுகம், என் முழங்கால் மட்டும் தன் இஷ்டத்துக்கு இருக்கிறது. உன் சுகத்தை மழுப்பாமல் எழுது, போனில் எதைக் கேட்டாலும் 'ம்' போட்டுவிடுகிறாய்.

உங்கள் கம்பெனியில் செய்த அந்தப் பழைய கிரேக்க ஊர் கட்டும் விளையாட்டை அக்கா கம்ப்யூட்டரில் போட்டுக் கொடுத்தாள், அதில் வீடுகளெல்லாம் நீ வரைந்தது என்றும் சொன்னாள். விளையாட்டுக்குப் படம் வரைவதெல்லாம் ஒரு வேலையா என்று கோபித்துக்கொண்டு, நீ கிளம்பிய நாளிலிருந்து உன்னோடு பேசாத உன் அப்பா அந்தப் பக்கமே திரும்பவில்லை. நான்தான் வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன். வெறும் கடற்கரையில் ஒரு குடிசை வைத்தால் எங்கிருந்தோ மூட்டை முடிச்சோடு ஆட்கள் வருகிறார்கள், கிணறு வைத்தால் குடத்தோடு ஒருத்தி வீடு வீடாகப் போகிறாள், எண்ணெயும் கம்பளியும் கிடைத்ததும் குடிசை மாடி வீடாகிவிடுகிறது. மலையிலிருந்து வெள்ளைக் கல் இழுத்து வந்து கோயில் கட்டினார்கள், தூண் தூணாக அது எழும்பியபோது அடுப்பில் பால் பொங்கி வழிந்ததுகூட எனக்குத் தெரியவில்லை. இதில் என் பெண்ணின் கை பட்டிருக்கிறதா என்று உடம்பெல்லாம் சிலிர்த்துப்போனது.

நான் தெருவைக் கோணலாகப் போடுவது பொறுக்காமல்தான் அப்பா வந்து உட்கார்ந்தார், அப்புறம் எழுந்திருக்கவே இல்லை. கம்ப்யூட்டரை அணைக்கவும் விடுவதில்லை, அணைத்துவிட்டால் அத்தனை ஜனங்களும் இருட்டில் என்ன செய்வார்களாம். நேற்று ஒரு பெரிய வீட்டைக் கிட்டே கொண்டுவந்து முற்றத்துத் தரையைப் பார்த்தவர் திரையில் மூக்கு இடிக்கக் குனிந்தார். நம் கூடத்தில் அவரே பூப்போட்ட டைல்ஸ் ஒட்டியபோது மூலையில் ஒன்றைத் திருப்பி ஒட்டிவிட்டார், ஊருக்கெல்லாம் தரை போடுகிறவருக்குச் சொந்த வீட்டில் கண் தெரியவில்லையா என்று நாம் இத்தனை வருஷம் கேலி செய்தோமே, அதே பூ, அதே மூலை, அதே போல ஒன்று மட்டும் திரும்பி இருந்தது. பக்கத்து வீட்டைப் பார்த்தார், அங்கேயும் இருந்தது. ஊர் முழுக்க இருந்தது. கடைசியில், "நம்ம வீட்டையா கொண்டுபோய் அங்க வெச்சிருக்கா?" என்றார். நான் சமையலறைக்குப் போய் நன்றாக அழுது தீர்த்தேன்.

வேளைக்குச் சாப்பிடு, நாற்காலியிலேயே தூங்கிவிடாதே, கண் டாக்டரிடம் போக மறக்காதே. நீ வரைகிற வீட்டிலெல்லாம் விளக்கெரியட்டும், நீ நன்றாயிருப்பாய். அப்பா கீழே கொஞ்சம் இடம் விடச் சொன்னார், விட்டிருக்கிறேன்.

உன் அம்மா

கிணறு வைத்தும் மேட்டுத் தெருவுக்குத் தண்ணீர் ஏறவில்லை. ஜனங்கள் வீட்டைக் காலி செய்கிறார்கள். உடனே கூப்பிடு.
அப்பா