காலிக் கட்டங்கள்

கீழமடை,
வைகாசி 9, சனிக்கிழமை.

சபிஹாவுக்கு மருதையன் எழுதிக்கொள்வது.

இங்கே நானும் உன் அத்தை ராமாயியும் நலம். நீயும் பகலவனும் அங்கே நலமாக இருக்க வேண்டும். கடிதத்தை 'அன்புள்ள' என்று தொடங்கச் சொன்னாள் உன் அத்தை. ஆறு வருடம் பேசாமல் இருந்தவன் திடீரென்று அப்படி எழுதினால் உனக்குச் சிரிப்புத்தான் வரும். அந்தச் சொல் வருகிற இடத்தில் வரட்டும் என்று விட்டுவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை நடந்த பாசனக் கூட்டம் நல்லபடியாக முடிந்தது. இந்த வருடம் ஆற்றில் தண்ணீர் விட்டதும் முதல் ஐந்து நாள் மேல்மடை ஷட்டரை இறக்கி வைத்து, வாய்க்காலின் கடைசியில் இருக்கிற நமக்குத்தான் முதலில் விட வேண்டும் என்று எழுத்தில் வாங்கிவிட்டோம். என் அப்பா வீரையன் காலத்திலிருந்து கேட்டது. அவர் அடுத்தவன் வயலில் கூலியாக நின்று கேட்டார். நான் சொந்த வயலில் நின்று கேட்டேன். கிடைத்தது இப்போதுதான். இதை போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் நான் அனுப்புகிற குரல் செய்தியை நீங்கள் இருவரும் இரட்டை வேகத்தில் ஓடவிட்டுக் கேட்பீர்களாம், உன் அத்தைக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள். கடிதத்தை அப்படி ஓட்ட முடியாது. அதனால்தான் தட்டச்சு செய்து, அச்செடுத்து, தபாலில் போடுகிறேன்.

பகலவன் கொடுத்தனுப்பிய புது மடிக்கணினியில்தான் இதை அடிக்கிறேன். நன்றாகத்தான் இருக்கிறது. ஆனாலும் என் பழைய கணினியைத் தூக்கி எறியச் சொன்னதை நான் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. அதில் இருந்த விண்டோஸுக்கு இனிமேல் பாதுகாப்பு கிடையாது என்று அறிவித்துவிட்டார்கள் என்றான். நல்லா ஓடுகிற மோட்டாருக்கு இனி வாஷர் செய்யமாட்டோம் என்று கம்பெனிக்காரன் சொன்னால் உடனே கிணற்றை மூடிவிடுவோமா? எட்டாம் வகுப்போடு நின்றவன் நான். திருத்துறைப்பூண்டியில் பிரவுசிங் சென்டர் ஒன்றை மூடியபோது அந்தக் கணினியை வாங்கி, ஞாயிற்றுக்கிழமைப் பேப்பரில் வந்த பகுதியைக் கத்தரித்து வைத்துக்கொண்டு நானே கற்றுக்கொண்டேன். எனக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. அந்தப் பெருமை எனக்கு உண்டு, அதனால் வந்த கெடுதலும் உண்டு. அந்தக் கெடுதல் உனக்குத்தான் நன்றாகத் தெரியும்.

நீ அனுபவித்த கதைதான் என்றாலும் என் பக்கத்தையும் நீ கேட்க வேண்டும்.

பத்தொன்பது வருடமாக நம் கடைசி மடைக்குத் தண்ணீர் வந்த நாளையும் வராத நாளையும் அந்தக் கணினியில் அட்டவணையாக அடித்து வைத்திருந்தேன். பாசனதாரர் சங்கத்தில் எனக்கு எந்தப் பதவியும் கிடையாது. கொடுக்கவும் மாட்டார்கள். நானாகச் செய்ததுதான். தேதி ஒரு கட்டம், தண்ணீர் ஒரு கட்டம், பார்த்தவர் பெயர் ஒரு கட்டம். முறை வருகிற நாளில் யாராவது ஒருவர் மடைக்குப் போய்ப் பார்த்து வந்து சொல்ல வேண்டும். தண்ணீர் வந்திருந்தால் விரல், கணுக்கால், முழங்கால் என்று அளவு போடுவேன். வராவிட்டால் ஒன்றும் போடமாட்டேன். அரிசிப் பானையைப் பார்த்து உன் அத்தை 'இல்லை' என்று சொல்லமாட்டாள், வாங்கணும் என்பாள். அதே மாதிரி மடையில் நின்று தண்ணீர் இல்லை என்று வாயால் சொல்லக்கூடாது என்பார் என் அப்பா. நான் அதைக் கணினியிலும் கடைப்பிடித்தேன். சாமி கும்பிடாதவன், மகனுக்குப் பகலவன் என்று பெயர் வைத்தவன், இதில் மட்டும் பழக்கத்தை விடவில்லை. விட்டிருந்தால் இத்தனை பாடு வந்திருக்காது.

சித்திரை பாதியில் இடி விழுந்து பழைய கணினி புகைந்துபோனது. நல்லவேளையாகக் கோப்பைப் பென் டிரைவில் எடுத்து வைத்திருந்தேன். புது மடிக்கணினியில் போட்டுத் திறந்தால் ஓர் எழுத்தும் தமிழாக இல்லை. புள்ளியும் கோடும் கொக்கியுமாக நிற்கிறது. அந்த பிரவுசிங் சென்டர்காரன் எங்கோ வாங்கிப் போட்ட எழுத்துரு அது. செய்தவனும் இல்லை, விற்றவனும் இல்லை. கூட்டத்துக்கு மூன்று வாரம்தான் இருந்தது. கடைமடைக்கு எப்போதும் தண்ணீர் போய்க்கொண்டுதான் இருக்கிறது, கீழமடைக்காரர்கள்தான் அதை வீணாகக் கடலுக்கு விடுகிறார்கள் என்று மேல்மடை அரசப்பன் மனு கொடுத்திருந்தான். நம் முறையில் இரண்டு நாளைக் குறைக்க வேண்டுமாம். என் கையில் இருந்த ஒரே ஆதாரம் அந்தக் கோப்பு. அன்றைக்கு ஆத்திரத்தில் பகலவனிடம், உன் பெண்டாட்டி தேர்ந்தெடுத்து அனுப்பிய மெஷின் என் பத்தொன்பது வருடத்தைத் தின்றுவிட்டது என்று கத்தினேன். போன் ஸ்பீக்கரில் இருந்தது என்றும், நீ பக்கத்தில்தான் இருந்தாய் என்றும் பிறகு தெரிந்தது.

பகலவன் அதை ஏதோ ஒரு செயற்கை நுண்ணறிவிடம் கொடுத்து ஒரே மணி நேரத்தில் திருப்பி அனுப்பினான். திறந்து பார்த்தேன். அத்தனையும் தமிழ். எனக்குக் கண் கலங்கிவிட்டது. முதல் பக்கத்தையும் கடைசிப் பக்கத்தையும் படித்துப் பார்த்துவிட்டு அச்சுக்கு எடுத்துப் போகப் பையை எடுத்தேன். எதையும் இருமுறை சரிபார்ப்பவன் என்று ஊரில் பெயர் எடுத்தவன் நான். அன்றைக்குப் பார்க்கவில்லை.

அப்போதுதான் நீ கூப்பிட்டாய். உன் குரல் என்று தெரிந்ததும் வைத்துவிட்டேன். மறுபடி கூப்பிட்டாய், மறுபடியும் வைத்துவிட்டேன். மூன்றாம் முறை உன் அத்தையின் போனுக்குக் கூப்பிட்டாய். அவள் அதை என் முன்னால் டீ தம்ளருக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, "உங்க காதுக்குத்தான் வீம்பு, எனக்கில்ல, நான் கேக்குறேன்" என்று உட்கார்ந்துகொண்டாள். அதற்குப் பிறகு நீ சொன்னது ஒரு சொல் விடாமல் எனக்கு நினைவிருக்கிறது.

"மாமா, ஒண்ணே ஒண்ணு கேட்டுட்டு நானே வெச்சிடுறேன். பழைய கோப்புல தண்ணிக் கட்டம் நிறைய காலியா இருக்கு. பக்கத்துலயே பார்த்தவர் பேரு மட்டும் இருக்கு. இவங்க அனுப்புனதுல ஒரு கட்டம்கூடக் காலி இல்ல. அந்தக் காலியெல்லாம் நீங்க எழுத மறந்ததா, தண்ணி வராததா?"

நான் எதையும் மறக்கிறவன் இல்லை என்றேன். ஆறு வருடத்தில் உன்னிடம் நான் நேராகச் சொன்ன முதல் வாக்கியம் அதுதான். அதையும் கோபமாகத்தான் சொன்னேன். நீ, அது போதும் மாமா, அச்செடுக்காதீங்க என்று சொல்லி வைத்துவிட்டாய்.

பிறகு மடிக்கணினியில் 2016-ஐத் திறந்து பார்த்தேன். அந்த வருடம் நம் பக்கம் கதிர் பிடிக்கவே இல்லை, ஆடு மேய விட்டோம். அந்த இயந்திரம் வரிசையாகக் கணுக்கால், கணுக்கால், கணுக்கால் என்று நிரப்பி வைத்திருந்தது. அதைக் கொண்டுபோய்க் கொடுத்திருந்தால் அரசப்பன் சொன்னதற்கு என் கையாலேயே சாட்சி எழுதிக் கொடுத்தவனாகியிருப்பேன்.

இப்போது பேப்பரில் தினம் இதைப் பற்றித்தான் எழுதுகிறார்கள். டாக்டர் வேலை பார்க்கும், வக்கீல் வேலை பார்க்கும் என்கிறார்கள். பார்க்கட்டும். தெரியாததைத் தெரியாது என்று சொல்ல அதற்குக் கூச்சம் என்று நினைக்கிறேன். மேல் அதிகாரி கோபித்துக்கொள்வார் என்று பயந்து கட்டத்தை நிரப்புகிற குமாஸ்தாவை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். இது அவனைவிட அழகாக எழுதுகிறது, அவ்வளவுதான். அதைக் குளிர வைக்கவும் குளம் குளமாகத் தண்ணீர் வேண்டுமாம். அந்தத் தண்ணீருக்கு முறை வைத்தது யார் என்று ஒருவரும் எழுதவில்லை. கணினி நினைவகத்தின் விலை ஏறிப்போனதற்கும் இதுதான் காரணமாம், பெரிய பெரிய கூடங்கள் கட்டுகிறவர்கள் மொத்தத்தையும் வாங்கிக்கொள்கிறார்களாம். திருத்துறைப்பூண்டிக் கடைக்காரர் கையை விரிக்கிறார். எனக்கு அதில் வியப்பே இல்லை. மேலே இருப்பவன் ஷட்டரை இறக்கினால் கீழே என்ன வரும் என்பது எங்களுக்குத் தெரியாததா?

அதன் பிறகு எட்டு நாள் நீ கூப்பிட்டாய். அங்கே விடிவதற்கு முன்பே எழுந்து, நான் டீ குடிக்கிற நேரத்துக்குக் கூப்பிட்டாய். 2011-இல் அச்செடுத்து மாவு டப்பாவுக்கு அடியில் விரித்திருந்த ஒரு பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னாய். அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, எந்தக் கொக்கி எந்த எழுத்து என்று ஒவ்வொன்றாகப் பொருத்தி, கோப்பைப் படிக்கப் புது எழுத்துரு ஒன்று செய்தாய். கூவமரத்து மடை என்றால் எது, நொண்டிக் கலுங்கு என்றால் எது என்று கேட்டாய். நான் சொல்லச் சொல்ல, நீ அதைத் தெரிந்தவள்போலக் கேட்கவில்லை. தெரியாதவளாகவே கேட்டாய். எனக்கு அது பிடித்திருந்தது. நடுவில் ஒருநாள், நீங்கள் இப்போது இருக்கிற நாட்டிலும் நிலம் கடலைவிடத் தாழ்வு, தண்ணீருக்கென்றே தனித் தேர்தல் நடக்கும் என்று நீ சொன்னாய். அன்றைக்கு அரை மணி நேரம் பேசியிருக்கிறேன். போனை வைத்த பிறகுதான் எனக்கே உறைத்தது. உன் அத்தை இன்னொரு தம்ளர் டீ வைத்தாள்.

கூட்டத்தில் நடந்ததைக் கேள். இருநூற்றுப் பன்னிரண்டு பக்கத்தையும் பொதுப்பணித்துறைப் பொறியாளர் அம்மா புரட்டிப் பார்த்தார். அரசப்பன் எழுந்து, கட்டத்தைக் காலியாக விட யாருக்குத்தான் தெரியாது, இதற்கு என்ன சாட்சி என்றான். நீ மஞ்சள் வண்ணம் அடித்து அனுப்பிய பக்கத்தை எடுத்து நீட்டினேன். 2009 ஆவணி 3. தண்ணீர்க் கட்டம் காலி. பார்த்தவர் அரசப்பன். அந்த வருடம் அவன் நம் பக்கம் மூன்று மா நிலம் குத்தகைக்கு எடுத்திருந்ததையும், என்னோடு மடையில் வந்து நின்று தலையில் கை வைத்துக்கொண்டதையும் நானே மறந்துவிட்டிருந்தேன். எதையும் மறக்கிறவன் இல்லை என்று உன்னிடம் சொன்னேனே, அதைத் திருத்திக்கொள்கிறேன். அரசப்பன் அந்தப் பக்கத்தை வாங்கிப் பார்த்தான். பிறகு, ஆமாம், அன்னைக்கு வரல என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தான். வெளியே வந்ததும் எனக்கு டீ வாங்கிக் கொடுத்தான். அவனும் மோசமானவன் இல்லை. மேலே போனதும் கீழே நின்றது நினைவில்லை.

எனக்கும் அப்படித்தான். இதை எழுத நாலு நாள் ஆயிற்று.

பகலவன் பதிவு அலுவலகத்தில் உன்னைக் கல்யாணம் செய்துகொண்டு மறுநாள் போனில் சொன்னான். எனக்கு மதம் ஒரு பொருட்டில்லை, அது அவனுக்கும் தெரியும். கேட்டால் நான் தடுப்பேன் என்று நினைத்தானே, அதுதான் என் கோபம் என்று எல்லோரிடமும் சொல்லி வந்தேன். முந்தாநாள் அதையே உன் அத்தையிடம் மறுபடி சொன்னபோது, கேட்டிருந்தால் தடுக்காமல் இருந்திருப்பீர்களா என்று கேட்டாள். அன்றிரவே இந்தக் கடிதத்தை மறுபடி முதலிலிருந்து அடிக்க உட்கார்ந்தேன். நீங்கள் விடுமுறைக்கு வரும்போதெல்லாம் பதினோரு கிலோமீட்டரில் முத்துப்பேட்டையில் உன் பிறந்த வீட்டில் இருந்துவிட்டுப் போனீர்கள். உன் அத்தாவைப் பேருந்து நிலையத்தில் பார்த்தால் நான் செய்தித்தாளைத் தூக்கிக்கொள்வேன். புதன்கிழமை அவரைத் தேடிப் போனேன். மீன் ஏலத்தில் நின்றிருந்தார். உங்கள் மகள் என் வயலைக் காப்பாற்றிக் கொடுத்தாள் என்றேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, இரண்டு நண்டு கட்டிக் கொடுத்து அனுப்பினார். நான் கொடுக்க ஒன்றும் கொண்டுபோகவில்லை. வெட்கமாக இருந்தது.

இன்னொரு கவலை. ஆயிரக்கணக்கானவர்களை ஒரே மின்னஞ்சலில் வீட்டுக்கு அனுப்புகிறார்கள் என்று படிக்கிறேன். இங்கே நடவு ஆளைக்கூட நாளைக்கு வேலை இல்லை என்று முகத்தைப் பார்த்துத்தான் சொல்வார்கள். உங்களில் யாருக்காவது அப்படி ஒன்று வந்தால் மறைக்க வேண்டாம். இங்கே இரண்டு போகம் சோறு இருக்கிறது. மகனுக்குச் சொல்லவில்லை, உனக்குத்தான் சொல்கிறேன். அவன் என்னைப் போல மறைக்கிறவன்.

ஜூன் பன்னிரண்டில் மேட்டூரைத் திறந்தால் ஆனி கடைசியில் நம் மடைக்குத் தண்ணீர் வந்துவிடும். புது அட்டவணை போட்டு வைத்திருக்கிறேன், நீ செய்து கொடுத்த எழுத்துருவில். முதல் வரிசையில் தண்ணீர்க் கட்டத்தை நான் நிரப்பிக்கொள்கிறேன். பார்த்தவர் என்ற கட்டத்தில் யார் பெயரையும் போடவில்லை. ஊரில் நாலு பேர் கேட்டுவிட்டார்கள், கொடுக்கவில்லை. அது காலியாகத்தான் இருக்கிறது, சபிஹா. மறந்து விட்டதில்லை.

இருவரும் நீடூழி நலமாக இருங்கள்.

அன்புள்ள,
மாமா
வீ. மருதையன்