கேசட்டுல பேசுற அப்பா

முடியாதுடா ராஜலிங்கம். நீ பேசி அனுப்புற கேசட்டுல எத்தன தடவ சொன்னாலும் முடியாது. ஒன் மக தவமணிய ஹோம்ல விட்டுட்டு நானும் ஒன் பொண்டாட்டி பரிமளமும் இந்தியாவுக்குக் கப்பல் ஏற மாட்டோம்.

கோவத்துல மேல எழுத வேண்டியத மறந்துட்டேன். இப்ப எழுதிக்கிறேன். குவைத்தில் இருக்கும் அன்பு மகனுக்கு, பிலிமத்தலாவையிலிருந்து அப்பா பழனியாண்டி எழுதிக்கொள்வது. இங்க எல்லாரும் சொகம். ஒன் சொகத்தக் கேக்கவே வேணாம், பெரிய கங்காணி மாதிரி அதட்டுறியே, அதுலயே தெரியுது.

அக்கரையில எறங்குனா முகாம்லதான் கெடக்கணும், கண்ணு தெரியாத புள்ளய எப்புடிப் பாப்பீங்கன்னு கேட்ட. கேள்வி நியாயந்தான். ஆனா கண்ணு மட்டுமில்லடா. பரிமளம் ஒனக்கு முழுசா எழுதல. எழுதுனா வேலய விட்டுட்டு ஓடியாந்துருவன்னு பயந்தா. பாவம், ஒன்ன அவ்வளவு நல்லவன்னு நம்பிட்டா.

பேராதனை ஆஸ்பத்திரி டாக்டரம்மா தாள்ல கீறிக் காட்டுனாங்க. வயித்துல இருக்கயிலேயே கண்ணுலருந்து மூளைக்குப் போற நரம்பு சரியா வளரலயாம். முன்மூளைக்கு நடுவுல இருக்க வேண்டிய மெல்லிசுத் தட்டியும் இல்லையாம். அதுக்குக் கீழ பட்டாணி மாதிரி ஒரு சுரப்பி, அதுவும் சோம்பேறியாம். இந்தச் சோம்பல் யாரு வழியில வந்துச்சுன்னு தெரியும்னு சொல்லி ஒன் பேரச் சொன்னேன். சிரிச்சிட்டு, இது யாரு குத்தமுமில்ல, கிரகணத்தால வந்ததுமில்லன்னாங்க.

அந்தச் சுரப்பி செய்யாத வேலைக்குத்தான் காலையிலயும் அந்தியிலயும் மாத்திர. காய்ச்சல், வாந்தி வந்தா ஒடனே கூடக் குடுக்கணும். இல்லாட்டி உசுருக்கே ஆபத்து.

போன ஜூலை கலவரத்துல எல்லாரும் நகையத் தூக்கிக்கிட்டு ஓடுனாங்க. ஒன் பொண்டாட்டி மாத்திர டப்பாவத் தூக்கிக்கிட்டு ஓடுனா. சிங்களத்தியா இருந்தும் பக்கத்து வீட்டு சோமாவதி எங்கள வெறகுக் கொட்டில்ல ஒளிச்சு வச்சுச்சு. மழையில நனைஞ்சு புள்ளைக்குக் காய்ச்சல். சத்தமே இல்ல, தல தொங்கிப்போச்சு. நான் தூங்குதுன்னுதான்டா நெனச்சேன். பரிமளத்துக்குத்தான் தெரிஞ்சுச்சு. மாத்திரயக் கரைச்சு ஊத்துனா, கொஞ்சம் கொஞ்சமா உசுரு திரும்புச்சு. கூடவே கெடக்குற தாத்தனுக்கே தெரியல. அத்தன புள்ளைக இருக்குற ஹோம்ல யாருக்குத் தெரியும்?

இன்னொன்னும் கேட்டுக்க. மாத்திர கசக்குதுன்னு துப்பும். ஒன் கேசட்டு ஓடுனாத்தான் முழுங்குது. வார்த்த வெளங்கல, அப்பா கொரல்னு மட்டும் வெளங்குது. ஹோம்ல விட்டுருங்கன்னு நீ சொல்ற எடத்துல, அந்தப் பொட்டிமேல கன்னத்த வச்சுக்கிட்டுச் சிரிக்குது. பரிமளம் அடுப்புப் பக்கம் திரும்பிக்கிறா.

ஒரு தடவ வாடா. வந்து புள்ளய மடியில வச்சுக்கிட்டு, அதே வார்த்தய அது காதுல சொல்லு. சொல்லி முடிச்சிட்டியன்னா நானே கொண்டுபோய் ஹோம்ல விடுறேன்.

எழுத எழுத தவமணிக்குத்தான் வாசிச்சுக் காட்டுறேன். ஒன்னத் திட்டுற எடமெல்லாம் என் தாடியப் புடிச்சு இழுக்குறா. மூணு வயசு தாண்டிருச்சு, இன்னும் என் வேட்டியப் புடிக்காம ஒரு எட்டு வைக்கல.

நல்லாயிரு மகனே. அந்த முருகன் ஒனக்கு

இருடா. அந்தி மாத்திரைக்குப் பரிமளம் உள்ள கேசட்டப் போட்டுட்டா. நீ பேசுற. இவ வேட்டிய விட்டுட்டா. கைய முன்னால நீட்டிக்கிட்டு, தனியா, ஒங்கிட்டதான்டா நடந்து போறா. ஏய் தவமணி, தாத்தா இன்னும் முடிக்கலடி