மாறி அடித்த பெற்றோல்

மச்சான்,

நேற்று துன் நகரில் மகள் தன் காருக்குப் பெற்றோல் அடிக்க நிறுத்தினாள். கண்ணாடியை இறக்கியதும் அந்த வாசனை உள்ளே வந்தது. "அப்பா, தொண்ணூற்றஞ்சோ, தொண்ணூற்றெட்டோ?" என்று கேட்டாள். நான் குழாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவளே எதையோ அடித்துவிட்டு வந்து ஏறினாள்.

ஹோட்டல் குசினியில் நாம் இருவரும் கோப்பை கழுவிய எண்பதுகளின் கடைசி நினைவுக்கு வந்தது. ஊரில் மெக்கானிக்காக இருந்த உனக்குக் கை சும்மா இருக்காது. மலையேற்றப் பந்தயத்துக்காக யாரோ ஒரு சுவிஸ்காரன் எஞ்சினைத் திருத்தி வைத்திருந்த பழைய சிவப்புக் காரை வாங்கி வந்தாய். சிலிண்டர் தலையைச் சீவி அழுத்தத்தைக் கூட்டியிருக்கிறான் என்று கண்டுபிடித்த அன்று உனக்குச் சாப்பாடே இறங்கவில்லை. அவ்வளவு சந்தோசம்.

"இதுக்கு ஈயம் கலந்த சூப்பர்தான் மச்சான், தொண்ணூற்றெட்டு ஒக்டேன். அது குறைஞ்சால் எஞ்சினுக்குள்ளை கண்டபடி வெடிச்சு பிஸ்டன் போயிடும்," என்றாய்.

நான் கேட்கிற ஆளா? ஊரில் மண்ணெண்ணெய் கலந்து வான் ஓட்டியவன். பற்றுகிறதெல்லாம் பெற்றோல்தான் என்பது என் படிப்பு. "உன்ரை காருக்கு மாப்பிள்ளை எடுப்பு," என்று நக்கலடித்தேன்.

உன் மனைவி ரஞ்சிக்கு விசா சரிவந்து சூரிச்சில் வந்திறங்க இருந்தார். கல்யாணம் முடித்த மூன்றாம் மாதம் விட்டுவிட்டு வந்தவன் நீ. நான்கு வருடப் பிரிவு. அவர் வருவதற்கு முதல் நாள் மாலை நீ சட்டைக்கு அயர்ன் பண்ணிக்கொண்டிருந்தாய். உனக்கு ஒரு வேலை குறையட்டும் என்று நான் காரை எடுத்துப் போனேன். சூப்பர் குழாயில் ஆட்கள் நின்றார்கள். அப்போது புதிதாக வந்திருந்த ஈயமில்லாத தொண்ணூற்றைந்தில் ஆளில்லை. வாய் முட்ட நிரப்பிக்கொண்டு வந்தேன்.

மறுநாள் பேர்ன் தாண்டி ஏற்றத்தில் நீ அழுத்தி மிதித்ததும், தகரப்பேணிக்குள் ஆணி போட்டுக் குலுக்குவதுபோல் எஞ்சினில் சத்தம் கேட்டது. உடனே காலை எடுத்தாய். பெற்றோல் தாங்கி நிரம்பியிருப்பதைக் காட்டிய முள்ளைப் பார்த்தாய். பிறகு என்னைப் பார்த்தாய்.

"எதையடா அடிச்சனி?"

"ஈயமில்லாதது."

தாங்கியில் இடமில்லாததால் சூப்பரைக் கலக்கவும் வழியில்லை. ஓரமாக நிறுத்தி, பொறி விழும் நேரத்தை வைக்கிற டிஸ்ரிபியூட்டரைத் தளர்த்திக் கொஞ்சம் திருப்பினாய். பொறி பிந்தி விழுந்தால் அந்தப் பெற்றோலை எஞ்சின் தாங்கும், ஆனால் இழுவை போய்விடும் என்றாய். அயர்ன் பண்ணிய சட்டையின் கை முழுக்கக் கறுப்பு எண்ணெய். ஏற்றங்களில் லொறிகள் எங்களை முந்திப் போயின. நீ மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தாய். எனக்குச் செத்துவிடலாம் போலிருந்தது.

நாங்கள் விமான நிலையம் போய்ச் சேர்ந்தபோது கூட்டம் கலைந்துவிட்டது. மொழி தெரியாத அந்த இடத்தில் ரஞ்சி பெட்டியின் மேல் தனியாக உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார்.

"நீங்கள் என்னை மறந்திட்டியள் எண்டு நினைச்சிட்டன்," என்றார்.

நான் வாயைத் திறக்குமுன் நீ சொன்னாய்: "பிழை என்ரைதான் ரஞ்சி. பெற்றோலை மாறி அடிச்சிட்டன்."

அதன்பிறகு எந்தக் கொண்டாட்டத்திலும் ரஞ்சிக்கு அதுதான் கதை. "பெரிய மெக்கானிக். பொஞ்சாதி வாற நாளிலை பெற்றோல் அடிக்கத் தெரியேல்லை," என்பார். எல்லோரும் சிரிப்பார்கள், நீயும் சிரிப்பாய். நான் தலை நிமிராமல் கோப்பைச் சோற்றைச் சாப்பிடுவேன். ஒருநாள் உன்னைத் தனியாகப் பிடித்து, உண்மையைச் சொல்லட்டோ என்று கேட்டேன். "விடு மச்சான். அவ ஏசேக்கை எனக்கு வீட்டிலை இருக்கிற மாதிரி இருக்கு," என்றாய்.

நீ கண்மூடிய முப்பத்தோராம் நாள், உன் அந்தியேட்டி அன்று ஆட்கள் போனபின் ரஞ்சி மறுபடியும் அந்தக் கதையை எடுத்தார். பாதியில் குரல் உடைந்தது. என்னால் பொறுக்க முடியவில்லை.

"ரஞ்சி, அண்டைக்குப் பெற்றோல் அடிச்சது நான்."

"அந்த மனிசன் இருக்கேக்கை சொல்லியிருக்கக் கூடாதோ? இவ்வளவு காலமும் சும்மா ஏசிப்போட்டனே," என்றார்.

என்னை ஏசச் சொன்னேன். அவர் ஏசவில்லை. இப்போதும் ஞாயிறுகளில் உங்கள் வீட்டுக்குப் போகிறேன். தேத்தண்ணீர் தருகிறார், மகளைப் பற்றி விசாரிக்கிறார். எனக்குச் சேரவேண்டிய ஏச்சை எல்லாம் நீயே வாங்கிக்கொண்டு போய்விட்டாய், மச்சான். ஒரு சொல்லாவது எனக்கு விழாதா என்றுதான் அந்த வீட்டில் உட்கார்ந்திருக்கிறேன்.