மல்லாந்த கை

மார்ச் 4

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே எல்லோரும் சௌக்கியம். கை மரத்துப்போகிறது, கழுத்தில் ஆபரேஷன், இரண்டு மாதம் அப்பாவை நான் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று எழுதியிருக்கிறாய். நிஜந்தானா, இல்லை அப்பாவை என் தலையில் கட்டப் பார்க்கிறாயா? பரீட்சை வந்தாலே வயிற்றுவலி வந்தவன் நீ.

ஆஸ்பத்திரியில் தினமும் நரம்புப் பரிசோதனை செய்கிறவள் நான். கழுத்தெலும்புகளுக்கு நடுவிலிருந்து புறப்படும் ஒவ்வொரு நரம்பு வேருக்கும் கையில் தனி வட்டாரம் உண்டு. ஆறாவது வேர் நசுங்கினால் கட்டைவிரல் பக்கம் மரக்கும், மணிக்கட்டைத் தூக்க வராது. எட்டாவது என்றால் சுண்டுவிரல். பொய் சொல்கிறவர்கள் கை முழுக்க மரக்கிறது என்பார்கள். உன் கையைத் தாளில் வைத்துச் சுற்றி வரை. விரல் நுனிகளில் ஊசியால் குத்திப் பார்த்து, உறைக்காத விரலில் கோடு போட்டு அனுப்பு.

அக்கா

மார்ச் 11

அன்புள்ள அக்காவுக்கு,

அப்பாவுக்குச் சளி தேவலை. தையல் கடையில் ஊசிக்கா பஞ்சம்? நீ சொன்னபடி வலது கையை வைத்து வரைந்திருக்கிறேன். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும்தான் உறைக்கவில்லை. ஆபரேஷன் இருபத்தெட்டாம் தேதி. அப்பாவைத் தூக்கி உட்காரவைக்க வேறு ஆளில்லை, நீ வந்தால்தான் நான் போக முடியும். தள்ளிப்போட்டால் கத்தரிக்கோல் பிடிக்கிற கை போய்விடும் என்கிறார் டாக்டர்.

தம்பி

மார்ச் 17

தம்பிக்கு,

கையும் களவுமாக மாட்டிக்கொண்டாய். நீ வரைந்த கையில் கட்டைவிரல் வலப்பக்கம் இருக்கிறது. அது இடது கை. வலது கையில் பென்சிலைப் பிடித்துக்கொண்டு சௌகரியமாக இடது கையைச் சுற்றி வரைந்திருக்கிறாய். எந்த விரல் மரக்கும் என்று நானே பாடம் நடத்தியது என் முட்டாள்தனம். என் காதில் பூச்சுற்றாதே. நான் வரவில்லை.

அப்பாவை விசாரித்ததாகச் சொல்.

அக்கா

ஏப்ரல் 9

அக்காவுக்கு,

எழுத்து கோணலாக இருக்கும், பொறுத்துக்கொள். இடது கையால் எழுதுகிறேன். இருபத்தெட்டாம் தேதி போய்விட்டது. போன வாரம் வலது மணிக்கட்டு தொங்கிவிட்டது. அப்பாவை இடது தோளில் சாய்த்துத்தான் தூக்குகிறேன். நேற்று கட்டைவிரலில் ஊசி ஏறியது எனக்குத் தெரியவே இல்லை, துணியில் ரத்தத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். இனி ஆபரேஷன் செய்தாலும் பலம் திரும்புமா என்று சொல்ல முடியாதாம்.

விரல் நுனியில் குத்தச் சொன்னாயே, அதனால் உள்ளங்கை மேலே தெரிய, கையை மல்லாத்தி வைத்து வரைந்தேன். அப்படி வைத்தால் வலது கைக்கும் கட்டைவிரல் வலப்பக்கம்தான் வரும். சந்தேகமிருந்தால் உன் கையை வைத்துப் பார்.

"அவ ஏன்டா வரல?" என்று அப்பா கேட்டுக்கொண்டே இருந்தார். உனக்கு லீவு கிடைக்கவில்லை என்று சொல்லிவைத்தேன். நான் சொன்ன பொய் அது ஒன்றுதான்.

தம்பி