இடைச்சரிவில் அறுபது கன்றுகள்

கீழ்க்காடு, ஃபெர்கானா மலை
ஜூன் 9, 1998

அன்புள்ள உல்கான்,

ரொட்டி வண்டிக்காரரிடம் இதையும், ஒரு குப்பி புளித்த குதிரைப்பாலும் கொடுத்தனுப்புகிறேன். உன் வீட்டுக்காரர் இடுப்பு தேவலையா?

என் அக்ரூட் காட்டில் புல் அறுத்து முடித்தாயிற்று. விருந்தறை மாதிரி சுத்தமாக இருக்கிறது. வன அதிகாரி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "மேல்காட்டு உல்கானைப் பாத்துக் கத்துக்கங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். மூன்று வருடமாக அரிவாளே பிடிக்காத உனக்குப் பாராட்டு! உன்னிடம் மறைப்பானேன், வயிறு எரிகிறது.

உன் சோனுன்

மேல்காடு
ஜூன் 14

என் சோனுன்,

இடுப்பு அப்படியேதான். மாட்டை விற்றுவிட்டோம், அறுக்கவும் ஆளில்லை. அதனால் விட்டேன், கெட்டிக்காரத்தனம் ஒன்றுமில்லை. விட்ட பிறகுதான் தெரிந்தது, புல்லோடு சேர்த்து அக்ரூட் கன்றுகளையும் இத்தனை வருடம் அறுத்திருக்கிறோம். காட்டில் கிழட்டு மரங்களே நிற்பது அதனால்தானடி.

நம் இரண்டு காட்டுக்கும் நடுவிலுள்ள மொட்டைச் சரிவில் வசந்தத்திலேயே அறுபது கன்றுகள் நட்டு, சிவப்புத் துணி கட்டியிருக்கிறேன். வளர்ந்தால் இரண்டு துண்டும் ஒரே காடாகும். பட்டைப் புழுவைத் தின்கிற என் மரங்கொத்திகள் உன் பக்கமும் வரும். அங்கே புல் உன் பங்கு. இந்த வருடம் விட்டுக்கொடு.

உல்கான்

ஜூன் 20

உல்கான்,

வருமா, போகுமா? என்னிடம் மிச்சமிருக்கிற இரண்டு மரங்கொத்தியும் உன்னிடம் ஓடுவதற்கா வழி போடுகிறாய்? என் வீட்டுக்காரர் வேறு, "நட்டவ அவ, பேரும் அவளுக்குத்தான். நீ புல்லுக்கட்டு சுமந்துக்கிட்டே இரு" என்று சிரிக்கிறார்.

நேற்றுச் சரிவை அறுத்துவிட்டேன். துணி கண்ணில் பட்டது. தெரிந்தேதான் அறுத்தேன்.

சோனுன்

ஜூலை 18

உல்கான்,

நான்கு வாரமாக வண்டிக்காரர் வெறுங்கையோடு வருகிறார். கேட்டால், "அந்தம்மா சரிவுலயே உக்காந்திருக்கு" என்கிறார். எனக்கு ரொட்டி இறங்கவில்லை. திட்டியாவது எழுது.

சோனுன்

ஜூலை 22

சோனுன்,

திட்டத்தான் உட்கார்ந்தேன். வந்த வசவெல்லாம் நாம் ஒன்றாகப் படித்த பள்ளிக்கூடத்தில் நீ சொல்லிக்கொடுத்தவை.

நாற்பத்தொரு கன்றுகள் அடியிலிருந்து மறுபடி துளிர்த்திருக்கின்றன. பத்தொன்பது போயேபோயிற்று. அதை நான் மறக்க மாட்டேன். நீ மன்னிப்பெல்லாம் எழுத வேண்டாம். உன் அரிவாளை அனுப்பு. இலை உதிரும்வரை என் வீட்டுச் சுவரில் தொங்கட்டும்.

உல்கான்

ஜூலை 25

உல்கான்,

அரிவாள் வண்டியில் வருகிறது. கூர் தீட்டவில்லை.

அறுத்த என் காட்டிலும் ஒரு மூலையில் கன்று ஒன்று துளிர்த்திருக்கிறது. விரல் உயரம். சிவப்புத் துணி கட்டியிருக்கிறேன். இப்போதே பார்க்க வந்துவிடாதே. உன்னுடையதுதான் உயரம் என்பாய்.

சோனுன்