சார்ஜைத் தின்னும் புள்ளி

பாப்பாவோட அப்பாவுக்கு,

வணக்கம். நான் நல்லா இருக்கேன். அத்தைக்கு முட்டிவலி தேவலையா? பாப்பாவுக்கு இருமல் நின்னுச்சா? எங்ககூட இஸ்திரி போடுற அண்ணன் ஊருக்கு வர்றாரு, அவர்கிட்ட இதைக் குடுத்து விடுறேன்.

இந்த வாரம் பூரா நான் போன் பண்ணலன்னு கோவிச்சுக்காதீங்க, பயப்படவும் ஒண்ணுமில்ல. சலவைக்கூடத்துல சார்ஜ் போட விடமாட்டாங்க. வேலை முடியுறதுக்குள்ள போன் உயிரை விட்டுடுது. ரூமுக்கு வந்து சார்ஜ் ஏத்துறதுக்குள்ள பாப்பா தூங்கிடுறா.

என் ரூம்ல இருக்கிற சமையல்கார அக்கா, போன்ல பின்னாடி ஓடுற ஆப் எல்லாத்தையும் ஒண்ணொண்ணா மூடிவிட்டாங்க. அப்பவும் ஓட்டைப் பானையில தண்ணி ஊத்தின கதைதான். எது அதிகமா சார்ஜைத் தின்னுதுன்னு பார்த்தா, நீங்க போட்டுக் குடுத்த மேப் ஆப். நான் இருக்கிற இடத்தைப் பாப்பாவுக்கும், நம்ம வீட்டை எனக்கும் புள்ளியா காட்டுமே, அதேதான்.

"அதை நிறுத்திடு, சார்ஜ் நிக்கும்"னாங்க அக்கா. நிறுத்தினா பாப்பா, அம்மா புள்ளியைக் காணோம்னு அழுவா. நிறுத்தாட்டி அம்மா பேசலன்னு அழுவா. நான் என்னதான் பண்ணட்டும்? நீங்களே சொல்லுங்க.

அவளோட பழைய ரிப்பன் ஒண்ணு குடுத்து விடுங்க. இங்க எல்லார் பையும் ஒரே மாதிரி இருக்கு, அடையாளத்துக்குக் கட்டிக்கிறேன்.

அண்ணன் வாசல்ல நின்னு அவசரப்படுத்துறாரு. ஒண்ணு சொல்ல விட்டுப்போச்சு. "சும்மா ஓடினா இவ்வளவு தின்னாதே, நீ எத்தனை தடவை அதைத் திறந்து பார்க்குற?"ன்னு அக்கா கேட்டாங்க. நம்ம வீட்டுப் புள்ளிதான் நகர்றதே இல்லையே, அதுல பார்க்க என்ன இருக்கு? நான் போனைத் தலையணைக்கு அடியில தள்ளிட்டேன்.

பாப்பாவோட அம்மா