இருட்டில் வளர்ந்த பயறு

அன்புள்ள பாப்பா அப்பாவுக்கு,

நான் நலம். அத்தைக்கு முழங்கால் வலி தேவலையா? நீங்கள் வேளைக்குச் சாப்பிடுகிறீர்களா?

இங்கே பயிற்சிக் கல்லூரியில் ஒரு வேடிக்கை நடந்தது. உயிரியல் வகுப்பில் ஒரே பையிலிருந்து பயறு எடுத்து இரண்டு கிண்ணங்களில் விதைத்தோம். ஒன்றை ஜன்னலோரமும் மற்றதை அலமாரிக்குள்ளும் வைத்தோம். மண், தண்ணீர் எல்லாம் ஒன்றுதான், வெளிச்சம் மட்டும் வேறு. ஒரு வாரத்தில் அலமாரிச் செடி மற்றதைவிட இரண்டு மடங்கு உயர்ந்துவிட்டது. "இருட்டில் செடி நன்றாக வளர்கிறது" என்று பெருமையாக எழுதிக் கொடுத்தேன்.

ஆசிரியை சிரித்துவிட்டார். "நல்லாங்கிறது நீங்களா எடுத்த முடிவு. கண்ணால என்ன பார்த்தீங்க, அதைச் சொல்லுங்க."

உற்றுப் பார்த்தேன். தண்டு நூலாக இருந்தது, இலை வெளுத்திருந்தது.

"வெளிச்சத்தைத் தேடித்தான் இப்படி நீளுது" என்றார்.

வகுப்பு முடிந்ததும் அந்தக் கிண்ணத்தையும் ஜன்னலோரம் மாற்றினேன்.

போன கடிதத்தில், பாப்பா நன்றாக இருக்கிறாள், நெடுநெடுவென்று வளர்கிறாள் என்று எழுதியிருந்தீர்கள். இனி அப்படி எழுதாதீர்கள். தட்டில் மிச்சம் வைக்கிறாளா, பள்ளி விட்டு வந்ததும் எங்கே போய் உட்காருகிறாள், தூக்கத்தில் யாரைக் கூப்பிடுகிறாள், பார்த்ததை மட்டும் எழுதுங்கள். என்னைத் தேடாமலே இருக்கப் பழகிவிட்டாள் என்றால் அதையும் மறைக்காதீர்கள்.

மணி அடித்துவிட்டது, ஓடுகிறேன். அவள் பாதத்தைத் தாளில் வைத்து வரைந்து அனுப்புங்கள். செருப்பு வாங்க வேண்டும்.

உங்கள்
பாப்பா அம்மா